சுருள் கைகள் கருந்துளைக்குத் தீனி போடுகின்றனவா? வெருலத்து யார்டிலிருந்து ஒரு கேள்வி

கரும்புக்காடு · வெள்ளி இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். என் தமிழ் சனிக்கிழமைப் பாடசாலையில் கற்ற தமிழ், பிழை இருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள். நேற்று ராத்திரி எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. யார்டில் பாயைப் போட்டுப் படுத்தேன். பால்வீதி நேர் உச்சியில், எங்கள் தகரக் கூரை விளிம்பிலிருந்து பக்கத்து வீட்டு மாமரம் வரைக்கும் பாலைக் கொட்டி இழுத்த மாதிரி கிடந்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இந்த வெருலத்தில் இருபது வருடமாக இருக்கிறேன், இப்படிப் பார்த்ததே இல்லை. மகன் போனில் ஒரு வான ஆப் வைத்திருக்கிறான், அதைத் தூக்கிப் பிடித்தால் பால்வீதியின் மையம் என் மூக்குக்கு நேர் மேலே என்று காட்டுகிறது.

கேள்வி இதுதான். படங்களில் பார்த்தால் பால்வீதியின் சுருள் கைகள் எல்லாம் வளைந்து வளைந்து நடுவை நோக்கித்தான் போகின்றன, சிங்க்கில் தண்ணீர் சுழன்று ஓட்டைக்குள் இறங்குமே, அதே மாதிரி. அப்படியென்றால் நடுவில் இருக்கிற கருந்துளை அந்தக் கைகள் வழியாக எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு இருக்கிறதா? நம் சூரியனும் ஒருநாள் உள்ளே போய்விடுமா?

தேள்கொடுக்கு · வெள்ளி இரவு 11:52

தம்பி, ஆப் பொய் சொல்லவில்லை. டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 29.9 டிகிரி. பால்வீதி மையத்துக் கருந்துளை, அதாவது சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார், வானத்தில் தெற்கே 29 டிகிரி. ஆகவே அது நம் தலைக்கு மேல் ஒரு டிகிரிக்குள் கடந்து போகிறது. ஜூலை நடுவில் ராத்திரி பத்து மணி வாக்கில் பார்த்தால் கழுத்தை முழுதாகப் பின்னால் சாய்க்க வேண்டும். தேளின் கொடுக்கு இருக்கிறதே, நம் பாட்டிமார் மூலம் என்று சொல்லும் நட்சத்திரம், அதற்கும் தனுசுக்கும் நடுவில். கண்ணுக்குத் தெரியாது, இடையில் அவ்வளவு தூசி.

சிங்க் கதைக்கு வருகிறேன். அது தப்பு, ஆனால் எல்லாரும் செய்கிற தப்பு, நானும் செய்தேன். சிங்க்கில் ஓட்டைதான் தண்ணீரை ஓட வைக்கிறது. பால்வீதி மாதிரி ஒரு கேலக்ஸியில் கருந்துளைக்கு அந்த வேலையே கிடையாது. அதன் எடை சுமார் 43 லட்சம் சூரியன்கள். கேட்க பெரிதாக இருக்கும், ஆனால் பால்வீதியில் இருக்கும் விண்மீன்களின் எண்ணிக்கையே பத்தாயிரம் கோடிக்கு மேல். கருந்துளையின் பிடி நீள்வது பத்துப் பன்னிரண்டு ஒளியாண்டு வரைக்கும்தான், அதைத் தாண்டினால் சுற்றியுள்ள விண்மீன்களின் ஈர்ப்புதான் ராஜா. நாம் இருப்பது ஏறத்தாழ 26,700 ஒளியாண்டு தள்ளி. சூரியன் வினாடிக்கு 230 கி.மீ. வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு சுற்றுக்கு 22 கோடி ஆண்டு போல ஆகும். உள்ளே போகாது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

இரவு_ஷிப்ட் · சனி அதிகாலை 2:15

அக்கா, அப்புறம் கைகள் எதற்கு வளைந்து இருக்கின்றன? வேலையில் இருக்கிறேன், லாரி இறக்கும் இடைவெளியில் கேட்கிறேன்.

தேள்கொடுக்கு · சனி காலை 7:40

உன் தொழிலை வைத்தே சொல்லலாம் தம்பி. மாரியன்ஹில் டோல் பக்கம் என்3 சாலையில் ஒரு லாரி மெதுவாக ஏறினால் பின்னால் வாகனங்கள் குவியும். முன்னால் இருப்பவை வெளியேறிக்கொண்டே இருக்கும், பின்னால் புதியவை சேர்ந்துகொண்டே இருக்கும். நெரிசல் அங்கேயே இருக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் கார்கள் பத்து நிமிடத்துக்கு முன் இருந்த கார்கள் இல்லை. சுருள் கை அப்படி ஒரு நெரிசல். அடர்த்தி அலை என்பார்கள், 1964-ல் லின், ஷூ என்ற இரண்டு பேர் கணக்குப் போட்டு எழுதினார்கள். கை என்பது நிஜமாகவே ஒரே பொருளால் ஆன கயிறாக இருந்தால் உள்பக்கம் சீக்கிரம் சுற்றும், வெளிப்பக்கம் மெதுவாகச் சுற்றும், நாலைந்து சுற்றில் ஜாங்கிரி மாதிரி இறுகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எல்லாக் கேலக்ஸியிலும் இதே கதை என்று சொல்ல மாட்டேன், சிலவற்றில் கைகள் துண்டு துண்டாகப் பிறந்து கலைகின்றன. எப்படியானாலும் கை என்பது நடுவை நோக்கி ஓடும் ஆறு இல்லை.

கரும்புக்காடு · சனி காலை 9:05

அப்போ கருந்துளைக்குச் சாப்பாடு எப்படித்தான் போகிறது? போகவே இல்லையென்றால் எப்படி 43 லட்சம் சூரியன் எடைக்கு வளர்ந்தது?

பழைய_ஃபிட்டர் · சனி காலை 10:30

இந்தக் கேள்விக்கு என்னை மாதிரி ஆட்களிடம் பதில் இருக்கிறது என்று நினைக்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நான் சர்க்கரை மில்லில் முப்பத்தோரு வருடம். அங்கே சென்ட்ரிஃபியூஜ் என்று ஒரு இயந்திரம், கூடையில் சர்க்கரைக் குழம்பை ஊற்றிச் சுழற்றினால் பாகு சல்லடை வழியாக வெளியே தெறிக்கும், சர்க்கரை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவுக்கு ஒன்றும் வராது. சுழல்கிற எதுவும் தானாக நடுவுக்கு வராது, அதுதான் நான் பார்த்த உலகம். நடுவுக்கு வர வேண்டும் என்றால் யாராவது பிரேக் போட வேண்டும். அப்போ கேலக்ஸியில் பிரேக் எது? இது தெரிந்தால் மற்றது எனக்குப் புரியும்.

கரூக்காற்று · சனி மதியம் 1:10

ஐயா, நீங்கள் இழையின் நடுப்புள்ளியைத் தொட்டுவிட்டீர்கள். பிரேக்தான் முழுக் கதையும்.

எவ்வளவு பிரேக் தேவை என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், கூட்டிக்கழித்துப் பார்க்க யாருக்கும் முடியும். சூரியன் பக்கத்து வாயு: 26,700 ஒளியாண்டு தூரம், வேகம் 230. கருந்துளையிலிருந்து 3 ஒளியாண்டு தூரத்தில் சுற்ற வேண்டிய வேகம், கருந்துளையின் எடையை மட்டும் எடுத்துக்கொண்டால், 140 கி.மீ. சுமார். தூரத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் கோண உந்தம், பள்ளிக்கூடத்தில் படித்த அதே சமாசாரம். இரண்டுக்கும் விகிதம் எடுத்தால் ஏறத்தாழ 14,000-க்கு 1. அதாவது இங்கிருந்து கிளம்பும் வாயு தன் சுழற்சியில் பதினாலாயிரத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் அந்த 3 ஒளியாண்டுக்கே வர முடியும். அதற்கு அப்புறம் கருந்துளையின் வாசல் வரை இன்னும் தூரம். வாசல், அதாவது தாண்டினால் திரும்பி வர முடியாத எல்லை, மையத்திலிருந்து 1.27 கோடி கி.மீ. மட்டும், புதன் கிரகம் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் கால் பங்குகூட இல்லை. அதனால்தான் 'கருந்துளை உறிஞ்சுகிறது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அது உட்கார்ந்திருக்கிறது. கொண்டுவந்து கொடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

முதல் பிரேக், ஆமாம், சுருள் கைகள்தான், ஆனால் கொஞ்சமே. பின்னோக்கி வளைந்த கைகள் சுழற்சியை உள்ளேயிருந்து வெளிப்பக்கம் கடத்துகின்றன, 1972-ல் லிண்டன்-பெல், கல்நாஜ்ஸ் இருவரும் காட்டியது. வாயு கையில் மோதி அதிர்ச்சி அலையில் சிக்கும்போதும் கொஞ்சம் வேகம் குறையும். ஆனால் இந்த வழியில் வாயு நடுவுக்கு வர வேண்டுமென்றால் பல நூறு கோடி ஆண்டு ஆகிவிடும், நத்தை வேகம். பெரிய பிரேக் வேறு. அது தண்டு.

இரவு_ஷிப்ட் · சனி மதியம் 1:32

தண்டு என்றால்? வாழைத்தண்டா அண்ணா?

கரூக்காற்று · சனி மதியம் 2:05

கிட்டத்தட்ட! பால்வீதியின் நடுவில் விண்மீன்கள் உருண்டையாக இல்லை, உருட்டுக்கட்டை மாதிரி நீளமாகத் திரண்டு பல ஆயிரம் ஒளியாண்டுக்குக் குறுக்கே கிடந்து மொத்தமாகச் சுழல்கின்றன. சுருள் கைகள் அதன் முனைகளிலிருந்துதான் கிளம்புவது போல் தெரியும். சுருள் கேலக்ஸிகளில் பாதிக்கு மேல் இப்படி ஏதோ ஒரு தண்டு உண்டு.

ஐயா கேட்ட பிரேக் இங்கேதான் பிடிக்கிறது. அந்தப் பகுதியில் வாயு தண்டை விட வேகமாகச் சுற்றுகிறது. தண்டுக்குள் நுழைந்து அதன் முன்பக்க ஓரத்தில் மோதிக் குவிகிறது. குவிந்த வாயு தண்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது இல்லையா, பின்னால் இருக்கிற தண்டின் ஈர்ப்பு அதைப் பின்னுக்கு இழுக்கிறது. ஓடுகிற மாட்டைக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுக்கிற மாதிரி. வேகம் போனதும் வாயு உள்ளே சரிகிறது. படங்களில் தண்டு உள்ள கேலக்ஸிகளில் இரண்டு கறுப்புத் தூசிக் கோடுகள் நடுவை நோக்கி நேராக இறங்குமே, அவைதான் அந்தச் சரிவுப் பாதை. என்ஜிசி 1365 படத்தைத் தேடிப் பாருங்கள், கோடு போட்ட மாதிரி தெரியும். தம்பி சிங்க் என்று சொன்னது இந்த இரண்டு கோடுகளுக்குப் பொருந்தினாலும் பொருந்தும், கைகளுக்குப் பொருந்தாது.

பால்வீதியில் இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சூரியன் எடை வாயு உள்ளே இறங்குகிறது என்று கணக்குகள் சொல்கின்றன.

பழைய_ஃபிட்டர் · சனி மாலை 4:20

இது புரிந்தது. கயிறு இழுத்த மாடு நன்றாகப் புரிந்தது. நன்றி தம்பி.

கரும்புக்காடு · சனி மாலை 5:00

அப்போ கருந்துளை ஆண்டுக்கு ஒரு சூரியன் சாப்பிடுகிறதா!!

தேள்கொடுக்கு · சனி மாலை 6:45

இல்லவே இல்லை, இங்கேதான் வேடிக்கை. தண்டு கொண்டுவரும் வாயு கருந்துளைக்குப் போவதில்லை, சில நூறு ஒளியாண்டு தள்ளி ஒரு வளையமாக நின்றுவிடுகிறது. அந்த இடத்துக்குள் வந்ததும் தண்டின் பிடி வேலை செய்வதில்லை, பிரேக் விட்டுப் போகிறது, வாயு வட்டம் போட ஆரம்பிக்கிறது. பால்வீதி மையத்தில் அப்படித் தேங்கி நிற்கும் வாயு சில கோடி சூரியன்களின் எடை. தேங்கினால் என்ன ஆகும்? விண்மீனாகிவிடும், அல்லது காற்றாக வெளியே வீசப்படும். சாப்பாட்டை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு ஊரார் பங்கு போட்டுக்கொண்டு போவது மாதிரி, வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது கடைசிப் பருக்கை.

வளையம் எப்படி இருக்கும் என்று பார்க்க என்ஜிசி 1097 நல்ல உதாரணம், நம் தென்வானத்து கேலக்ஸி. தண்டு, தூசிக் கோடுகள், நடுவில் 5,000 ஒளியாண்டு அகலத்தில் புது விண்மீன்கள் மின்னும் ஒரு வளையம், முத்து மாலையைக் கழற்றித் தட்டில் வைத்த மாதிரி. அந்த வளையத்துக்கு உள்ளே இன்னொரு குட்டிச் சுருள்! மெல்லிய தூசி இழைகள் 14 கோடி சூரியன் எடையுள்ள கருந்துளையை நோக்கிச் சுருண்டு போகின்றன. பெரிய சுருளுக்கும் இந்தச் சின்னச் சுருளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, அது தனியாக உருவாவது. உண்மையில் தீனி போடுவது யார் என்று கேட்டால் நான் இந்தச் சின்னவரைத்தான் காட்டுவேன்.

நம் பால்வீதியிலும் கருந்துளைக்கு அருகே சில ஒளியாண்டுக்குள் 'மினி சுருள்' என்று மூன்று கைகள் கொண்ட ஒரு வாயு அமைப்பு உண்டு. படத்தைப் பார்த்துப் பலர் இதுதான் பால்வீதியின் கைகளின் முடிவு என்று நினைக்கிறார்கள். இல்லை, இது உள்ளூர் வாயு.

நம்மவர் என்ன சாப்பிடுகிறார் என்றால், பக்கத்தில் இருக்கும் பெரிய இளம் விண்மீன்கள் ஒரு முப்பது போல வீசும் காற்றில் கொஞ்சம் குடிக்கிறார், அதிலும் வாசல்வரை வருவது துளிதான். ஆண்டுக்குச் சூரியனின் எடையில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைவு. நம் சந்திரனின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 43 லட்சம் சூரியன் எடை உள்ளவருக்கு ஒரு வருடச் சாப்பாடு அவ்வளவுதான்.

இரவு_ஷிப்ட் · சனி இரவு 9:10

ஒரு குவார்ட்டர் பன்னி சௌவை, அதான் ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றுவோமே, அதை ஊரே பங்கு போட்டு அவருக்குக் கடைசியில் பிரட் மூடிகூடக் கிடைக்காத மாதிரி. பாவம்.

கரூக்காற்று · சனி இரவு 10:40

கிடைத்த நாட்களும் இருந்திருக்கின்றன. மையத்துக்குப் பக்கத்து வாயு மேகங்களில் பழைய எக்ஸ்ரே வெளிச்சம் எதிரொலித்து வருவதை 2023-ல் ஐக்ஸ்பி என்ற செயற்கைக்கோள் மூலம் அளந்து, ஏறத்தாழ 200 ஆண்டுக்கு முன் நம் கருந்துளைக்குள் விழும் வாயு இப்போதைவிடப் பல மடங்கு பிரகாசமாக எரிந்தது என்று காட்டினார்கள். 200 ஆண்டு என்பது இங்கே வந்து சேரும் வெளிச்சத்தின் கணக்கு, பயண நேரமான 26,700 ஆண்டு தனி. 1860-ல் ட்ரூரோ கப்பல் நம் கொள்ளுத்தாத்தாமாரை டர்பன் துறையில் இறக்குவதற்கு ஓரிரு தலைமுறை முன்பு. அப்போது காற்றுமண்டலத்துக்கு மேலே எக்ஸ்ரே பார்க்கிற கண் இருந்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

இன்னும் பழைய தடயம் நம் நாட்டிலேயே கிடைத்தது. கார்னர்வன் பக்கம் கரூ வறண்ட நிலத்தில் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி, 13.5 மீட்டர் கிண்ணங்கள் 64, 2018 ஜூலையில் திறந்தபோதே பால்வீதி மையத்தின் படத்தைத்தான் வெளியிட்டார்கள். 2019-ல் அதே மீர்காட் மையத்துக்கு மேலும் கீழும் இரண்டு ரேடியோக் குமிழிகளைக் கண்டுபிடித்தது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1,400 ஒளியாண்டு. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடுவில் ஏதோ பெரிதாக வெடித்து ஊதியது. கருந்துளை ஒரு பெரிய கவளம் விழுங்கியதா, இல்லை விண்மீன்கள் கூட்டமாகப் பிறந்து வெடித்தனவா என்று இன்னும் சண்டை. என் கட்சி இரண்டாவது, ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன். நான் அந்தப் பக்கம் ஒருமுறை காரில் போயிருக்கிறேன். அது ரேடியோ அமைதிப் பகுதி, சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். போனில் சிக்னல் செத்துப் போய்விடும், மனைவிக்கு அதுதான் பயணத்தின் சிறந்த பகுதி.

பழைய_ஃபிட்டர் · ஞாயிறு காலை 8:15

ஒரு சந்தேகம். தண்டுதான் பிரேக் என்றால், தண்டு உள்ள கேலக்ஸிகளில் எல்லாம் கருந்துளை கொழுத்து எரிய வேண்டும், தண்டு இல்லாதவற்றில் பட்டினி. அப்படியா இருக்கிறது? மில்லில் ஒரு வால்வைத் திறந்தால் அடுத்த தொட்டி நிரம்ப வேண்டும், நிரம்பவில்லை என்றால் நடுவில் இன்னொரு வால்வு மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

கரூக்காற்று · ஞாயிறு காலை 11:30

ஐயா, இதை இத்தனை வருடமாக நிபுணர்களே அடித்துக்கொள்கிறார்கள். சில கணக்கெடுப்பில் தண்டுள்ளவை கொஞ்சம் அதிகமாக எரிகின்றன, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. உங்கள் இன்னொரு வால்வு சரியான பதில்தான், அதுதான் அந்த வளையம். இரண்டாவது காரணம் நேரம். தண்டு நூறு கோடி ஆண்டுக் கணக்கில் வாழும். கருந்துளையின் பசியோ லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை எரிந்து அணைகிற மாதிரி. நீங்கள் பார்க்கிற நொடியில் விளக்கு அணைந்திருந்தால் குழாயில் எண்ணெய் ஓடவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1989-ல் ஷ்லோஸ்மன், ஃபிராங்க், பெகல்மன் மூவரும் 'தண்டுக்குள் தண்டு' என்று ஒரு யோசனை சொன்னார்கள், பெரிய தண்டு விட்ட இடத்தில் சின்னத் தண்டு பிடிக்கும் என்று. அழகான யோசனை. சில கேலக்ஸிகளில் நடக்கிறது, எல்லாவற்றுக்கும் சாவி அது இல்லை.

இன்னொன்று. எம்33 என்று ஒரு சுருள் கேலக்ஸி, டிசம்பர் முன்னிரவில் நமக்கு வடக்கே தாழ்வாகத் தெரியும், கைகள் பார்க்க லட்சணமாக இருக்கும். நடுவில் பெருங்கருந்துளை இல்லை! இருந்தாலும் சில ஆயிரம் சூரியன் எடைக்கு மேல் இருக்க முடியாது என்று 2001-லேயே அளந்துவிட்டார்கள். கைகள்தான் கருந்துளையை வளர்க்கின்றன என்றால் எம்33 என்ன பாவம் செய்தது?

தேள்கொடுக்கு · ஞாயிறு மதியம் 12:50

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். கைகள் இறுக்கமாகச் சுற்றிய கேலக்ஸிகளில் கருந்துளை கனமாகவும், தளர்வாக விரிந்தவற்றில் லேசாகவும் இருக்கிறது, 2008-ல் சைகர் என்பவரின் குழு போட்ட வரைபடம் அது. ஏதோ தொடர்பு இருக்கத்தானே செய்கிறது?

கரூக்காற்று · ஞாயிறு மதியம் 1:40

இருக்கிறது அக்கா, ஆனால் திசை அது இல்லை என்பேன். நடுவில் எடை அதிகம் திரண்டிருந்தால் கைகள் இறுகும். நடுவில் எடை அதிகம் திரண்ட இடத்தில் கருந்துளையும் பெருத்திருக்கும். இரண்டு பேருக்கும் அப்பா ஒருவர், அண்ணன் தம்பிக்குச் சாப்பாடு போடுகிறான் என்று ஆகிவிடாது.

தேள்கொடுக்கு · ஞாயிறு மதியம் 2:15

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். சின்னச் சுருள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசி அடி எப்படி நடக்கிறது என்று இதுவரை யாரும் எழுதவில்லை, அதற்கும் தென்வானம்தான் உதவியது. சென்டாரஸின் ஆல்ஃபாவுக்குப் பக்கத்தில் சர்சினஸ் என்ற சின்ன நட்சத்திரக் கூட்டம், அதே பெயரில் அங்கே ஒரு சுருள் கேலக்ஸி, 1.4 கோடி ஒளியாண்டு தூரம், நடுவில் நன்றாக எரிகிற கருந்துளை. சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கியை வைத்து ஒரு ஜப்பானியர் தலைமையிலான குழு சில ஒளியாண்டு அளவுக்குள்ளேயே வாயு உள்ளே விழுவதை அளந்தது, 2023-ல் வெளிவந்தது. அடர்ந்த வாயுத் தட்டு தன் எடையாலேயே நிலைகுலைந்து கட்டி கட்டியாகி, அந்தக் கட்டிகளின் இழுபறிதான் அங்கே பிரேக். அப்படி விழுந்ததில் கருந்துளை விழுங்கியது 3 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் காற்றாக வெளியே தள்ளப்பட்டு, அதில் ஒரு பெரும்பகுதி திரும்பத் தட்டிலேயே விழுகிறது.

கரும்புக்காடு · ஞாயிறு மாலை 5:30

மூன்று சதவீதம்தானா! நான் கேட்டது உறிஞ்சுகிறதா என்று, பதில் வந்தது துப்புகிறது என்று.

பழைய_ஃபிட்டர் · ஞாயிறு இரவு 8:00

எல்லாம் படித்தேன், இரண்டு முறை. பிறகு சமையலறையில் ஒரு காரியம் செய்தேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் ஊறின டீ இலை ஒரு சிட்டிகை, கரண்டியால் வேகமாகக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துவிட்டேன். சென்ட்ரிஃபியூஜ் மாதிரி இலைகள் ஓரத்துக்குப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. சுழற்சி அடங்க அடங்க எல்லாம் அடியில் நடுவில் ஒரு சின்னக் குவியலாக வந்து உட்கார்ந்தன. முப்பத்தோரு வருட அனுபவம் ஒரு டம்ளரில் போச்சு. ஏன்?

தேள்கொடுக்கு · ஞாயிறு இரவு 8:25

ஐயா, அடித்தட்டில் உரசுகிற தண்ணீர் வேகம் இழக்கிறது. மேலே சுற்றும் தண்ணீர் ஓரத்தில் அழுத்திக்கொண்டு நிற்க, அடியில் இருக்கும் மெதுவான தண்ணீருக்கு அந்த அழுத்தத்தைத் தாங்கத் தெம்பில்லை, நடுவை நோக்கி நகர்கிறது, இலையையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஐன்ஸ்டீன் 1926-ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். டம்ளரின் அடிதான் உங்கள் பிரேக். கேலக்ஸிக்கு அடி கிடையாது, அதனால்தான் தண்டு, சின்னச் சுருள், வாயுக்கட்டி, கடைசியில் காந்தப்புலம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பிரேக் தேட வேண்டியிருக்கிறது.

பழைய_ஃபிட்டர் · ஞாயிறு இரவு 9:05

மறுபடி மூன்று தடவை செய்து பார்த்தேன். பேத்தி பக்கத்தில் நின்று பார்த்தாள், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டப் போகிறாளாம், டம்ளரை உடைக்காமல் இருந்தால் சரி. கரண்டியை எடுக்காமல் நடுவில் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறாள். தெரியாது, இப்போது அதைத்தான் செய்யப் போகிறோம்.